தொடக்கப் பள்ளியில் வீடியோ கேம் வைத்துப் பாடம் நடத்துவது: முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

1 முதல் 5ஆம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேம் வைத்துக் கற்பிக்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. செய்து பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள், எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

தேடினால் "சிறந்த 10 கல்வி கேம்கள்" மாதிரிப் பட்டியல்கள்தான் கிடைக்கும். நானும் அவற்றோடுதான் அல்லாடினேன். ஆனால் கேம் கிடைப்பது ஒரு மாலை நேர வேலை. அதற்குப் பிறகு வருகிற அனுமதிக் கடிதம், லாகின், பாதியில் அப்டேட் கேட்டு நிற்கும் டேப்லெட், மணி அடித்த பிறகும் திரையை விடாத பிள்ளைகள், இவற்றைப் பற்றி எழுதி வைத்தவர்கள் குறைவு.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இணையமும் பயனர் கணக்கும் தேவைப்படாத இலவசக் கேம் என்றால் இரண்டு வாரத்தில் முதல் வகுப்பை நடத்திவிடலாம். கணக்கு தொடங்க வேண்டிய கேம், கட்டணக் கேம் என்றால் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அதில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே போகும்.

1. கேமைத் தேடும் முன் பாடத்தை முடிவு செய்யுங்கள்

ஒரு காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "இது முடிந்ததும் பிள்ளைக்கு இது செய்ய வரும்." "கணக்கில் ஆர்வம் வரும்" என்று எழுதினால் செல்லாது. "1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்று காரணத்தோடு சொல்லும்" என்று எழுதினால் செல்லும். பின்னால் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் நீங்கள் காட்டப்போவது இந்த வரியைத்தான்.

திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டியவற்றுக்குக் கேம் நன்றாகப் பொருந்தும்: வாய்ப்பாடு, எழுத்தும் ஒலியும், இடமதிப்பு. தவறு நடந்த நொடியிலேயே பதில் கிடைப்பதுதான் இங்கே லாபம். நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்தி அந்த வேகத்தில் யாராலும் சொல்ல முடியாது. வகுப்பில் செய்து காட்டக் கடினமானவையும் பொருந்தும்: நீர்ச் சுழற்சி, மின்சுற்று போன்றவை. ஒரு கருத்தை முதன்முதலாக அறிமுகப்படுத்த மட்டும் கேமை நம்பாதீர்கள். அதைக் கையில் தொடக்கூடிய பொருள்களை வைத்து நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்புறம் கேமுக்கு வாருங்கள்.

இந்தக் கட்டத்திலேயே 10 கேள்விகள் கொண்ட ஒரு சின்னத் தேர்வைத் தாளில் தயார் செய்து, கேம் தொடங்கும் முன் பிள்ளைகளை எழுத வையுங்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால், கேமால் ஏதாவது நடந்ததா என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

2. கேமைத் தேர்ந்தெடுப்பது

இங்கே ஒரு சோதனை போதும். கேமில் இருக்கும் பாடத்தைப் பிடுங்கிவிட்டால் விளையாட்டு அப்படியே ஓடுமா? ஓடும் என்றால் பாடம் அங்கே சுங்கச்சாவடி மாதிரி நிற்கிறது. பிள்ளைகள் அதைச் சீக்கிரம் தாண்டிப் போகத்தான் பார்ப்பார்கள். கார் ஓட்டு, நடுவில் ஒரு பெருக்கல் கணக்கு, மறுபடி கார் ஓட்டு என்று வரும் கேம்கள் எல்லாம் இந்த வகை.

ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் ஐன்ஸ்வர்த் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. 'ஸோம்பி டிவிஷன்' என்ற கேமில் எதிரே வரும் எலும்புக்கூடுகளின் மார்பில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் ஆயுதத்தால் அடித்தால்தான் அது விழும். வகுத்தல் தெரியாமல் ஓர் அடி நகர முடியாது. இன்னொரு வடிவத்தில் சண்டையில் எண்களே இல்லை. அதே கணக்குகள் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வினாடிவினாவாக வந்தன. முதல் வடிவத்தை விளையாடிய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் விளையாடலாம் என்று விட்டபோது முதல் வடிவத்தில் ஏழு மடங்கு நேரம் செலவிட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் கேம் இந்த இரண்டில் எதைப் போன்றது என்று பார்த்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

தொடங்க எனக்குப் பிடித்த சிலவற்றைச் சொல்கிறேன். ஜிகாம்ப்ரி இலவசம், திறந்த மூலம், விளம்பரம் கிடையாது, நிறுவிய பின் இணையமும் தேவையில்லை. 2 முதல் 10 வயது வரையிலானவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் அதில் இருக்கின்றன. மவுஸ் பிடிக்கப் பழக்குவதிலிருந்து மின்சுற்று வரை எல்லாம் உண்டு. தோற்றம் கொஞ்சம் பழசு. பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதில்லை. டக்ஸ் மேத் கேமில் வானத்திலிருந்து விழும் விண்கற்களில் கணக்கு இருக்கும். சரியான விடையைத் தட்டினால் அது வெடிக்கும். கூட்டல் முதல் வகுத்தல் வரை வேகம் வருவதற்கு நல்லது. டிராகன்பாக்ஸ் வரிசையில் வரும் இயற்கணிதக் கேம், படங்களில் தொடங்கி மெல்ல எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் கொண்டுபோகும். மேலே சொன்ன சோதனையில் அது சுலபமாகத் தேறும், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

விளையாடுவதை விட உருவாக்குவது உங்கள் நோக்கம் என்றால், 5 முதல் 7 வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர், 8 வயதுக்கு மேல் ஸ்கிராட்ச். இரண்டிலும் கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகளே கதையும் கேமும் செய்யலாம். ஜூனியரில் கட்டளைக் கட்டங்கள் எல்லாம் படங்கள்தான், படிக்கத் தெரியாத பிள்ளையும் செய்யும். அதற்குக் கணக்கும் தொடங்க வேண்டாம்.

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் கேமின் பள்ளிப் பதிப்பான மைன்கிராஃப்ட் எஜுகேஷன் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நல்ல கருவிதான். பரப்பளவு, கன அளவு, வரைபடம், ஊர் அமைப்பு என்று பல பாடங்களுக்குப் பயன்படும். ஆசிரியர் எல்லைகள் போடலாம்; பிள்ளைகள் தாங்கள் கட்டியதைப் படமெடுத்துக் குறிப்பு எழுதலாம். ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம் என்பேன். திறந்த உலகத்தில் முப்பது பிள்ளைகளை ஒரே வேலையில் நிறுத்துவது தனித் திறமை. சின்னக் கேம் ஒன்றில் கை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், குறைந்தது ஒரு முழுக் கட்டத்தை நீங்களே விளையாடுங்கள். அதிலும் வேண்டுமென்றே தப்பாக விளையாடுங்கள். தப்பு விடை கொடுத்தால் கேம் என்ன சொல்கிறது? சிவப்புப் பெருக்கல் குறி காட்டிவிட்டு நகர்கிறதா, ஏன் தப்பு என்று காட்டுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பொத்தானையும் அழுத்தினால் ஜெயிக்க முடிகிறதா? முடிந்தால் பிள்ளைகள் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தோற்பவரைப் பார்த்துக் கேம் சிரித்தால் சில பிள்ளைகள் அன்றோடு விட்டுவிடுவார்கள், அதையும் கவனியுங்கள். நேரக் கடிகாரத்தை நிறுத்த வழி இருக்கிறதா, பாதியில் சேமிக்க முடிகிறதா, வெளியாள் பேசக்கூடிய சாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். மொழிப் பட்டியலில் உங்கள் பயிற்றுமொழி இருந்தால் மட்டும் போதாது. குரலும் அந்த மொழியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். திரையில் எழுத்து நிறைய இருந்தால் கணக்குக்காக வைத்த கேம், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வாசிப்புத் தேர்வாக மாறிவிடும்.

வயது முத்திரை பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் பெகி முறையில் 3, 7, 12, 16, 18 என்று வயது போட்டிருக்கும். அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி முறையில் எவரிவன் (எல்லோருக்கும்), டீன் (பதின்ம வயதினருக்கு) என்ற வகைகள் இருக்கும். வன்முறை, கெட்ட வார்த்தை போன்றவை உண்டா என்பதற்குத்தான் இந்த முத்திரை. பாடத்துக்கு உதவுமா என்று அது சொல்லாது.

3. செலவு

"இலவசம்" என்ற சொல்லுக்குள் மூன்று வகை ஒளிந்திருக்கிறது. முதலாவது உண்மையான இலவசம். இரண்டாவது, விளையாட இலவசம், ஆனால் நல்ல உடையும் வாளும் வேண்டுமென்றால் பெற்றோர் சந்தா கட்ட வேண்டும். வகுப்பில் இந்த வகையை வைத்தால், கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை பளபளப்பாகவும் மற்றவர்கள் சாதாரணமாகவும் திரையில் தெரிவார்கள். எனக்கு இது ஆகவே ஆகாது. மூன்றாவது, சில நாள் இலவசம், பிறகு கட்டணம். இதற்குக் கார்டு எண் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கட்டணக் கேம்களில் கருவிக்கு ஒருமுறை கட்டுவது, மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டுவது என இரண்டு முறை பொதுவானவை. ஆண்டுச் சந்தாவில் உள்ள பொறி தேதி. விடுமுறைக்கு முன்னால் வாங்கினால் விடுமுறை நாள்களும் கணக்கில் போகும். வகுப்பு தொடங்கும் வாரத்திலிருந்து உரிமம் தொடங்கும்படி கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வாங்கிய உரிமத்தைப் பள்ளியில் பயன்படுத்தலாமா என்று விதிமுறையில் பாருங்கள், பல கேம்களில் கூடாது. வீட்டில் விளையாடும் மைன்கிராஃப்ட் வேறு, எஜுகேஷன் பதிப்பு வேறு. பின்னதற்குப் பள்ளி வழங்கும் கணக்கு வேண்டும்.

பட்டியலில் விட்டுப்போகும் செலவுகள்: ஹெட்போன், ஒரு கருவியில் இருவர் கேட்க இரட்டைப் பிரிப்பான், சின்னக் கைக்கு ஏற்ற மவுஸ், சார்ஜ் போட நீண்ட பிளக் பலகை. இதில் ஹெட்போனுக்குத் தனியாகவே ஒரு தொகை வையுங்கள். உடையும், மாற்ற வேண்டியிருக்கும்.

4. அனுமதியும் ஆவணங்களும்

தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். முதல் படியில் எழுதிய வரி, கேமின் பெயர், வாரத்துக்கு எத்தனை பீரியட், எத்தனை வாரம், செலவு, எப்படி அளக்கப்போகிறீர்கள். முடிவுத் தேதி போட மறக்காதீர்கள். "ஆறு வாரம் செய்து பார்த்து அறிக்கை தருகிறேன்" என்றால் கையெழுத்து சீக்கிரம் வரும்.

பெற்றோர் கடிதம் அவர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். மேலே சொன்னவற்றோடு நான்கு விஷயம் கட்டாயம் எழுதுங்கள். கேமில் கணக்கு தொடங்குகிறோமா, பிள்ளையைப் பற்றிய எந்தத் தகவல் வெளியே போகிறது. சம்மதம் தராவிட்டால் பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன வேலை (அதே பாடத்துக்கு அட்டை விளையாட்டு ஒன்றைத் தயாராக வையுங்கள், தனியாக மூலையில் உட்கார வைக்காதீர்கள்). வீட்டில் யாரும் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கடைசியாக, பிள்ளைக்கு வலிப்பு, கண் பிரச்சினை, நிறக்குருடு ஏதாவது உண்டா என்ற கேள்வி. கடைசிக் கேள்வியைச் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 1997இல் ஜப்பானில் தொலைக்காட்சிக் கார்ட்டூன் ஒன்றில் வேகமாக மின்னிய சிவப்பு, நீல ஒளியைப் பார்த்து நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். கேமில் அப்படி மின்னும் காட்சிகள் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளின் தகவல் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் காப்பா சட்டம் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றிய விதியில் வரம்பு 16. உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. எந்த நாட்டுக் கணக்குப்படி பார்த்தாலும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள். அதனால் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாரத்தில் பாதி வரும். மீதிக்கு இன்னொரு வாரமும் ஒரு நினைவூட்டலும் தேவைப்படும்.

முடிந்தவரை பயனர் கணக்கே தேவைப்படாத கேமை எடுங்கள். வேண்டும் என்றால், உண்மைப் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எதுவும் போடாமல் "மயில்07" மாதிரிப் பெயர் வையுங்கள். யாருக்கு எந்தப் பெயர் என்ற பட்டியல் உங்கள் கையில் தாளில் மட்டும் இருக்கட்டும். ஸ்கிராட்ச்சில் ஆசிரியர் கணக்கு தொடங்கினால் மாணவர் கணக்குகளை நீங்களே உருவாக்கலாம், பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் தேவையில்லை. வகுப்பில் படம் எடுத்து வெளியிடுவதற்குத் தனிச் சம்மதம் வேண்டும், இந்தக் கடிதத்திலேயே அதைக் கலக்காதீர்கள்.

5. கருவிகளைத் தயார் செய்வது

சோதிப்பதை ஆசிரியர் அறையில் உங்கள் லாகினில் செய்யாதீர்கள். மாணவர் கருவியில், மாணவர் லாகினில், அதே வகுப்பறையில், அதே நேரத்தில் செய்யுங்கள். ஆசிரியர் கணக்கில் திறக்கும் கேமை மாணவர் கணக்கில் பள்ளியின் இணைய வடிகட்டி தடுத்திருக்கும். ஒரு கருவியில் ஓடுவது இருபது கருவிகளில் ஒரே நேரத்தில் ஓடாது. தடுப்பை நீக்க நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியிருந்தால், அதை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தானாக அப்டேட் ஆவதை வகுப்புக்கு முந்தைய நாள் முடித்துவிட்டு நிறுத்தி வையுங்கள். ஜிகாம்ப்ரியில் குரல் கோப்புகள் தனியாக இறங்கும், அவற்றையும் முன்கூட்டியே இறக்குங்கள். டேப்லெட்டில் பிள்ளை வேறு ஆப்புக்குப் போகாமலிருக்க ஐபேடில் கைடட் ஆக்செஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் என்று வசதி உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் எண் ஒட்டி, எந்த இருவருக்கு எந்த எண் என்று சுவரில் எழுதிவிடுங்கள். பாஸ்வேர்டு தேவையென்றால் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டுக் கொடுங்கள். 1ஆம் வகுப்புப் பிள்ளைகள் பாஸ்வேர்டு தட்டி முடிப்பதற்குள் பாதி பீரியட் ஓடிவிடும். பத்துக் கருவிக்கு ஒன்று உபரியாக இருப்பது நல்லது.

ஆளுக்கொரு கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இருவருக்கு ஒன்று என்பதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. காரணம் 7ஆம் படியில்.

6. நான்கு பிள்ளைகளோடு ஒத்திகை

நன்றாகப் படிப்பவர், தடுமாறுபவர், வீட்டில் கேமே பார்க்காதவர், எப்போதும் கேமிலேயே இருப்பவர் என்று நால்வரை இருபது நிமிடம் உட்கார வையுங்கள். உதவி செய்யாமல் பாருங்கள். எங்கே எல்லோரும் உங்களை நிமிர்ந்து பார்க்கிறார்களோ, அந்த இடத்தைத்தான் வகுப்பில் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

7. வகுப்பு நாள்

40 நிமிடப் பீரியட் என்றால் விளையாட்டுக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் 5 நிமிடம் இன்றைய வேலை என்ன, நிறுத்தச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், கருவியைக் கையில் கொடுக்காமல். கொடுத்துவிட்டால் யார் காதிலும் எதுவும் விழாது. கடைசி 10, 15 நிமிடம் பேச்சுக்கும் நோட்டுக்கும்.

இருவரில் ஒருவர் மவுஸ் பிடிப்பார், மற்றவர் வழி சொல்வார். மவுஸ் பிடிப்பவர் சொன்னதைத்தான் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும். "அதை இங்க போடு, ஏன்னா அது பெருசு" என்று ஒரு பிள்ளை இன்னொன்றிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், அங்கேதான் பாடம் நடக்கிறது. தனியாக விளையாடும் பிள்ளை அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. கேம் தெரிந்த பிள்ளை மவுஸைப் பிடுங்கிக்கொள்ளும், முதல் வாரம் கண்டிப்பாக நடக்கும். அந்தப் பிள்ளையை முதலில் வழி சொல்பவராக உட்கார வையுங்கள்.

அந்த இருபது நிமிடமும் நடந்துகொண்டே இருங்கள். நோட்டுத் திருத்த உட்காராதீர்கள். யாராவது மாட்டிக்கொண்டால் விடை சொல்லாமல் "இப்ப என்ன செஞ்சே, என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

நிறுத்துவதுதான் பெரிய சண்டை. "இன்னும் 2 நிமிடம்" என்று ஒருமுறை அறிவியுங்கள். அதைவிட நல்லது, "இந்தக் கட்டம் முடிந்ததும் திரையைக் கவிழ்த்து வை" என்பது. ஆட்டத்தின் நடுவில் பிடுங்கினால் பெரியவர்களுக்கே கோபம் வரும்.

பிறகு பேச்சு. நான் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை: எங்கே தோற்றீர்கள்? ஏன்? அடுத்த முறை என்ன மாற்றினீர்கள்? நம் கணக்குப் புத்தகத்தில் இதே விஷயம் எங்கே வருகிறது? அப்புறம் அதே வகைக் கணக்கு இரண்டை நோட்டில் போடச் சொல்லுங்கள். திரையில் சரசரவென்று போடும் பிள்ளை தாளில் திகைத்து நிற்பதை அன்றே பார்த்துவிடலாம். நேரம் இல்லையென்றால் விளையாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், இதைக் குறைக்காதீர்கள். பியட்டர் வௌட்டர்ஸும் சக ஆய்வாளர்களும் 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வேறு கற்பித்தலோடு சேர்ந்தும், பலமுறையாகவும், குழுவாகவும் விளையாடும்போது கேமில் கற்பது இன்னும் கூடுகிறது என்று கண்டார்கள். அதே ஆய்வில், மற்ற முறைகளை விடக் கேம் ஊக்கத்தைக் கூட்டியதாக உறுதியாகத் தெரியவில்லை. "பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதனால் கற்பார்கள்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு பொறி: வேலையைச் சீக்கிரம் முடித்தவர்களுக்குப் பரிசாகக் கேம் கொடுப்பது. பயிற்சி தேவைப்படாத பிள்ளைக்குத் தினமும் கேம் கிடைக்கும், தேவைப்படும் பிள்ளைக்குக் கிடைக்கவே கிடைக்காது. கேமைத் தண்டனையாகப் பறிப்பதும் இதே கதைதான். பாடப் புத்தகத்தைப் பறிப்போமா?

8. அளந்து பார்த்து முடிவெடுப்பது

கேம் காட்டும் நட்சத்திரமும் புள்ளியும் அந்தக் கேமை விளையாடத் தெரியும் என்பதற்குத்தான் சாட்சி. முதலில் வைத்த அதே அளவுத் தேர்வை, எண்களை மட்டும் மாற்றி, ஆறாவது வாரம் தாளில் வையுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. மூன்றாம் நான்காம் வாரத்தில் புதுமை தேய்ந்து கொட்டாவி வரத் தொடங்கும். அதுவரை கிடைக்கும் உற்சாகத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பிள்ளை பிள்ளையாகப் பாருங்கள். வகுப்புச் சராசரி ஏறியிருக்கும், தடுமாறும் நான்கு பேர் அங்கேயே இருப்பார்கள். அவர்களுக்குக் கேமின் அளவைக் குறைத்து எளிய கட்டத்தில் வைக்க வேண்டியிருக்கும், அல்லது கேமே வேண்டாம் என்று விட வேண்டியிருக்கும். மாற்றமே இல்லையென்றால் அந்தக் கேமைக் கைவிடத் தயங்காதீர்கள், காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும்.

9. ஆண்டு முடிவில்

சந்தா தானாகப் புதுப்பிக்கும்படி இருந்தால் அதை நிறுத்துங்கள். மாணவர் கணக்குகளை நீக்கி, நீக்கியதற்கான உறுதியை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். நீக்குவதற்கு முன், பிள்ளைகள் உருவாக்கியவை இருந்தால் இறக்கி அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சம்மதக் கடிதங்கள் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். கடித மாதிரி, கருவிப் பட்டியல், தேர்வுத் தாள்கள், எந்தக் கட்டத்தில் எல்லோரும் மாட்டினார்கள் என்ற குறிப்பு, இவற்றை ஒரே கோப்பில் போட்டு அடுத்து வரும் ஆசிரியர் கையில் கொடுங்கள்.